உண்மை நகல் அல்ல

1961 ஜூன் 14 — 29
1961 டிசம்பர் 2 — 31
1962 ஜூன் 11 — 31
1962 நவம்பர் 30 — 27
1963 ஜூன் 8 — 33
1963 டிசம்பர் 5 — 30
1964 ஜூன் 10 — 34
1964 டிசம்பர் 1 — 22

இடப்பக்கம் இருப்பது தபால் வந்த தேதி. வலப்பக்கம் இருப்பது தங்கராசு எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்த் தேர்வில் வாங்கிய மொத்த மதிப்பெண். தேற முப்பத்தைந்து வேண்டும். கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம், இங்கிலீஷ் எல்லாவற்றிலும் முதல் தடவையே தேறிய மனிதர், தமிழில் மட்டும் எட்டுத் தடவை தோற்றார். அவருடைய தமிழ்க் கையெழுத்தைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நானே ஒவ்வொரு தாளையும் என் கையால் வாங்கிப் பார்த்ததால்தான் நம்பினேன்.

நான் கடலூரில் ஒரு நீதிமன்றத்தின் பதிவறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். தங்கராசு அதே கட்டடத்தில் நகல் எழுதுபவர். தீர்ப்பு, சாட்சியம், பத்திரம் எதுவானாலும் வழக்கின் கட்சிக்காரர் மனுப்போட்டால் அதைப் பார்த்து எழுதித் தர வேண்டும். பக்கத்துக்கு நூற்றெழுபத்தைந்து சொல். ஒரு நாளைக்குச் சராசரி இருபத்திரண்டு பக்கம் எழுதுவார். கடைசியில் ‘உண்மை நகல்’ என்று எழுதி, ‘ஒப்பிட்டேன்’ என்று கையெழுத்துப் போடுவார். பிழை என்று திரும்பி வரும் நகல்களுக்கு என்னிடம் ஒரு தனிக் கட்டு உண்டு. 1950 முதல் 1964 வரை அந்தக் கட்டில் தங்கராசு எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை.

அவர் வேலை நிரந்தரமில்லை, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. 1961 தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்தில் ஓர் உத்தரவு வந்தது. நகல் எழுதுபவர்களில் எஸ்.எஸ்.எல்.சி. முழுதும் தேறியவர்களை நிரந்தரமாக்கலாம். ஆனால் நாற்பது வயது நிறைவதற்குள் மதிப்பெண் தாள் அலுவலகத்தில் சேர்ந்திருக்க வேண்டும். தங்கராசு பிறந்தது 1925 ஜூன் 12. ஆக, அவருக்கு 1965 ஜூன் 12 கெடு.

மதிப்பெண் தாள் வீட்டுக்கு வந்தால் மனைவி தில்லையம்மாள் தபால்காரரை வாசலில் நிறுத்தி, படிக்கச் சொல்லிக் கேட்பார், தெருவுக்கே தெரிந்துவிடும் என்று என் பெயரையும் பதிவறையையும் விலாசமாகக் கொடுத்திருந்தார். தாள்களின் வரவு என் ஏட்டில் ஏறியது அப்படித்தான்.

நாங்கள் இருவரும் சிதம்பரத்தில் குடியிருந்தோம். காலை ஏழு முப்பத்தைந்து பாஸஞ்சரில் தினமும் கடலூர் போவோம். ஏழாவது தாள் வந்த மறுநாள், அதாவது 1964 ஜூன் 11 வியாழக்கிழமை, தங்கராசு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி பரங்கிப்பேட்டையில் நின்றது. முஹம்மது இஸ்மாயில் ஏறினார். கடலூர் முதுநகரில் ஜவுளிக் கடையில் துணி விரித்துப் போட்டு விற்பவர். ஒரு முழம் துணிக்கு ஒன்பது வாக்கியம் பேசுவார். தங்கராசுவை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

“என்னா மச்சான், மூஞ்சி மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி இருக்குது?”

“முப்பத்து நாலு” என்றார் தங்கராசு.

“வயசா? ஜாஸ்தியில்ல இருக்கும்.”

“மார்க்கு.”

இஸ்மாயில் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதை நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

எதிர் ஜன்னல் ஓரத்தில் நோட்டுக் கட்டைத் திருத்திக்கொண்டிருந்த சவரியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அவரும் சிதம்பரத்திலிருந்து வருபவர். முதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு வருடமாக ஒரே பெட்டியில் போய்வந்தும் நாங்கள் அவரிடம் பேசியது கிடையாது.

“ஒரு மார்க்குதானேண்ணே. தப்பா நெனைக்கலன்னா எப்படி எழுதுறீங்கன்னு ஒரு தடவ காட்டுங்க” என்று கேள்வித்தாள் ஒன்றை நீட்டினார். ஒரு பத்தி, அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுத வேண்டும். கலங்கரை விளக்கத்துக் காவலாளி ஒருவனைப் பற்றிய பத்தி. நூற்றெண்பது சொல்.

தங்கராசு பென்சிலால் சொற்களை எண்ணினார். அறுபதாவது சொல்லின் கீழே ஒரு சிறு கோடு போட்டார். பிறகு எழுத ஆரம்பித்தார். ஓடும் வண்டியிலும் எழுத்து ஒரே உயரத்தில் நின்றது. ஆலப்பாக்கம் வருவதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டார்.

டீச்சர் படித்தார். பத்தியின் முதல் அறுபது சொல் அப்படியே இருந்தது. அறுபதாவது சொல் ஒரு வாக்கியத்தின் நடுவில் விழுந்ததால் காவலாளி படியில் பாதி ஏறியபடியே நின்றுபோனான். கீழே ‘ஒப்பிட்டேன். தங்கராசு’ என்று கையெழுத்து.

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இஸ்மாயில் அப்படி எதையும் மூடவில்லை.

“ஏன் மச்சான், அந்த ஆளு மேல போயி வெளக்கு ஏத்துறதுக்குள்ள நீ பேனாவ மூடிட்டியே! எத்தன கப்பலு கவுந்துச்சோ!”

“மூணுல ஒரு பங்குன்னு போட்டிருக்கு. அறுவதுதானே?” என்றார் தங்கராசு. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

“பரீட்சையிலயும் இப்படித்தான் எழுதினீங்களா? பத்திக்குக் கீழ வர்ற கேள்விகளுக்கு?”

“பத்தியில எந்த வரியில பதில் இருக்குதோ அந்த வரிய எடுத்து எழுதுவேன் டீச்சர். ஒரு புள்ளி மாறாது.”

“‘உன் சொந்த நடையில்’னு போட்டிருப்பாங்களே?”

“சொந்தக் கையெழுத்துலதான் எழுதறேன்.”

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் சொன்னார்: “திங்கக்கெழமையிலேருந்து தினமும் வண்டியிலயே பாடம் வெச்சிக்கலாம். வேற எடம் தேட வேணாம். ஒரு மணி நேரத்துக்கு மேல கெடைக்குதுல்ல.”

அந்தத் திங்கட்கிழமை 1964 ஜூன் 15. பாடத்துக்கு டீச்சர் கடிகாரம் பார்க்கவில்லை, நிலையங்களையே பிரிவாக வைத்துக்கொண்டார். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வரை பத்தியை வாய்விட்டுப் படிப்பது. கிள்ளையிலிருந்து வெள்ளாற்றுப் பாலம் தாண்டிப் பரங்கிப்பேட்டை வரை கேள்விகள்: யார், எப்போது, ஏன், சொல்லாமல் விட்டது என்ன. பரங்கிப்பேட்டையில் இஸ்மாயில் ஏறுவார். அங்கிருந்து புதுச்சத்திரம் வரை அணிகள். பிறகு ஆலப்பாக்கம் வரை திருத்தம். ஆலப்பாக்கம் தாண்டினால் டீச்சர் தன் நோட்டுக் கட்டுக்குப் போய்விடுவார். கடலூர் ஜங்ஷனில் அவரும் இஸ்மாயிலும் இறங்க, நாங்கள் திருப்பாதிரிப்புலியூர் வரை போவோம். வருகை குறிக்கும் வேலையை யாரும் எனக்குத் தரவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

டீச்சர் சம்பளம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பதிலுக்குத் தங்கராசு அவருடைய பள்ளி வினாத்தாள்களை அழகாக எழுதிக் கொடுத்தார். அந்தப் பள்ளிப் பெண்கள் அச்சடித்த தாள் என்றே நினைத்தார்களாம்.

அணிகளின் இலக்கணம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த அணியைக் கேட்டாலும் விளக்கத்தைக் கமா உட்பட ஒப்பிப்பார். ஆனால் புதிதாக ஒரு வரியைக் கொடுத்து இது என்ன அணி, ஏன் என்று கேட்டால் பேனா நின்றுவிடும். இஸ்மாயில் நேர் எதிர். பெயர் ஒன்றும் தெரியாது. வாயைத் திறந்தால் அணிதான்.

ஒரு நாள் புதுச்சத்திரத்துக்கு முன்னால் கைகாட்டி இறங்குவதைப் பார்த்து இஸ்மாயில், “பாருங்க, டீச்சருக்குச் சலாம் போடுது” என்றார்.

டீச்சர் உடனே பிடித்துக்கொண்டார். “கைகாட்டி எறங்கறது வண்டிக்கு வழி விட. அது தானா நடக்குற காரியம். அதுக்கு இஸ்மாயில் அண்ணன் தன் மனசுல இருக்கிற காரணத்த ஏத்திச் சொல்றாரு. இது என்ன அணி?”

“தற்குறிப்பேற்றமா?” என்றார் தங்கராசு தயங்கி.

“அதேதான்.”

“யா அல்லா! இத்தன நாளா இத நான் சும்மாவா பேசிக்கிட்டு இருந்தேன்?” என்று இஸ்மாயில் நெஞ்சில் கை வைத்தார்.

தங்கராசுவுக்கு உவமையில் தகராறு இல்லை. உருவகத்தில்தான் இருந்தது. ‘நிலவு போன்ற முகம்’ என்றால் ஒப்புக்கொள்வார். முகத்தையே நிலவு என்று சொன்னால் புருவம் சுருங்கும்.

“போலன்னு சொல்றவன் ஜாக்கிரதையா சொல்றான் டீச்சர். அதுவே இதுன்னு சாதிச்சா எப்படி? குறுக்கு விசாரணையில நிக்காது.”

“மச்சான், வீட்டுக்குப் போயி தங்கச்சிகிட்ட ‘நீதான் நெலா’ன்னு சொல்லிப் பாரு. ஆதாரம் எங்கேன்னு கேக்காது.”

“கேப்பா” என்றார் தங்கராசு.

அந்த வருடம் செப்டம்பரில் எட்டாவது முறையாகத் தேர்வு எழுதினார். பத்தியில் உள்ள சொல்லை எடுத்து எழுதக்கூடாது என்று டீச்சர் மூன்று மாதமாகச் சொன்னது அவர் மனதில் ஆழப் பதிந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு, அகராதியிலிருந்து அதே பொருளுள்ள வேறு சொல்லை வைத்துவிட்டு வந்தார். ஆற்றங்கரை நதித் தீரமானது. வீடு இல்லமானது. மாடு ஆவினமானது. வாக்கியங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தேர்வு முடிந்து அவர் இதைப் பெருமையாகச் சொன்னபோது டீச்சர் தன் நோட்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டார்.

“சட்டைய உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டா புதுச் சட்டையா மச்சான்?” என்று கேட்டது இஸ்மாயில்தான்.

டிசம்பர் 1 செவ்வாய்க்கிழமை தாள் வந்தது. இருபத்திரண்டு. எட்டிலும் அதுவே குறைவு. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தங்கராசு அன்று இருபத்திரண்டு பக்கம் நகல் எழுதினார். மறுநாளிலிருந்து அவர் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. பின்னால் இரண்டு பெட்டி தள்ளி ஏறிக்கொண்டார். டிசம்பர் 2 முதல் 11 வரை ஒன்பது வேலை நாள், என் குறிப்பில் அவர் பெயருக்கு நேரே ஒன்பது கோடுகள். இஸ்மாயில் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. கெடுவுக்குள் அவருக்கு மிச்சமிருந்தது மார்ச் தேர்வு ஒன்றுதான்.

டிசம்பர் 14 திங்கட்கிழமை. மூன்று நாளாக மழை. வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிவிட்டது, பாலத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட முடியும் என்று கிள்ளையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பெட்டிகள் ஒழுகின. எல்லோரும் இறங்கி நிலையத்தின் ஒரே கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். அங்கே இரண்டு பெட்டி தள்ளி என்று ஒன்று இல்லை. தங்கராசு டீச்சருக்கு எதிரே நிற்க வேண்டியதாயிற்று.

“ஏண்ணே ஓடி ஒளியறீங்க?”

“ஒளியல டீச்சர். இருவத்திரண்டு. நீங்க சொல்லிக் கொடுத்துத்தான் கெட்டுதுன்னு நாலு பேரு சொல்லக் கூடாதுல்ல. உங்களுக்குப் பேரு கெட்டுடும்.”

“என் பேர நான் பாத்துக்கறேன். நீங்க மார்ச்சு எழுதறீங்களா இல்லியா?”

அவர் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: “படிக்கிறது புரியாம இல்ல டீச்சர். நல்லாப் புரியுது. ஒருத்தர் சொன்னத என் வார்த்தையில மாத்த பயமா இருக்கு.”

நான் அவருடன் பதினாறு வருடம் பழகியவன். அன்று அவர் சொன்னதை அதற்கு முன் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

1949-இல், அவர் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு வயல் வழக்கு ஒன்று. வரப்புத் தகராறு. ஆண்டி என்ற முதியவர் சாட்சி. ‘வடக்கே வேலி இருந்ததாக எனக்கு ஞாபகம்’ என்று அவர் சொல்லியிருந்தார். தங்கராசு நகல் எடுக்கும்போது அவசரத்தில் ‘வடக்கே வேலி இருந்தது’ என்று எழுதிவிட்டார். சொல் குறைந்தால் வாக்கியம் சுத்தமாக இருக்கிறது என்றும் அப்போது தோன்றியதாம். ஒப்பிடும்போதும் கண் தவறிவிட்டது. அந்த நகலை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி வக்கீல், அந்த வருடம் வேலியே இல்லை, சாட்சி பொய்யர் என்று வாதாடிவிட்டார். பின்னால் மூலத்தைப் பார்த்துத் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் ஊரில் ஆண்டிக்குப் பொய்ச் சாட்சி என்ற பெயர் விழுந்துவிட்டது. ஒரு நாள் அவர் பஸ் பிடித்து வந்து நகல் அறையின் வாசலில் நின்றார். திட்டவில்லை. ‘நான் அப்படிச் சொல்லலியே தம்பி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

“அன்னிக்கு முடிவு பண்ணேன் டீச்சர். ஒருத்தர் வார்த்தையில இனிமே கை வெக்கிறதில்லன்னு.”

டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். “ரெண்டு வார்த்ததானேண்ணே விட்டீங்க. அதனால அப்படி என்ன மாறிப்போச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

தங்கராசுவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? அந்தப் பெரியவரு கண்ணால பாத்தத அடிச்சுச் சொல்லல. வயசாச்சு, தப்பா இருந்தாலும் இருக்கும்னு ஒதுங்கி நின்னு சொன்னாரு. யோக்கியன் அப்படித்தான் பேசுவான். ‘ஞாபகம்’னு சொல்றவன் கதவத் தெறந்து வெச்சுக்கிட்டுப் பேசறான். வேற ஆளு வந்து, இல்லீங்க ஐயா, அந்த வருசம் இல்லன்னு சொன்னா, சரின்னு வெளிய வந்துடலாம். நான் என்ன பண்ணேன்? அந்தக் கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டேன். உள்ள மாட்டிக்கிட்டது அவரு.”

ஒருவர் பேசும்போது குறித்துக்கொள்வது என் பழக்கம். கையில் இருந்த ரயில்வே அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அது டீச்சருக்குத் தெரியும். “சார், அண்ணன் இப்ப சொன்னதப் படிங்க” என்றார். படித்தேன்.

“அதுல அந்தப் பெரியவரோட சாட்சியத்துல இருந்த வார்த்தை எத்தன?”

பார்த்துச் சொன்னேன்: “ஒன்று. ஞாபகம்.”

“அவரு சொன்னதுல ஏதாவது மாறியிருக்கா?”

“இல்லை.”

டீச்சர் தங்கராசுவிடம் திரும்பினார். “இதத்தாண்ணே ஆறு மாசமாக் கேக்கறேன். சொந்த நடைன்னா இதுதான். வார்த்தை பூரா உங்களுது. சொன்ன சேதி அவரோடது. அன்னிக்கு நீங்க தப்புப் பண்ணது வார்த்தைய மாத்துனதால இல்ல, அர்த்தத்தத் தொலைச்சதால. இன்னிக்கு வார்த்தைய எல்லாம் மாத்துனீங்க, அர்த்தம் எங்கியும் போகல.”

தங்கராசு என் கையிலிருந்த அட்டவணையை வாங்கி, நான் எழுதியதைத் தானே ஒரு தடவை படித்தார்.

“இன்னொண்ணு கேக்கறேன். அந்தக் கேஸுல கதவு எங்கேண்ணே இருந்துச்சு?”

“கதவா? கதவே கெடையாது டீச்சர். வயலு.”

“தாழ்ப்பாள்?”

“அதுவும் கெடையாது.”

“அப்ப நீங்க இப்ப சொன்னது பொய்யா?”

பதில் சொல்லும்போது குரல் மாறியிருந்தது. “இல்ல டீச்சர். நெசத்தத்தான் சொன்னேன்.”

“இதுக்குப் பேருதான் உருவகம்.”

வண்டி இரண்டு மணி பத்து நிமிடம் தாமதமாகப் பாலத்தைக் கடந்தது. பரங்கிப்பேட்டையில் இஸ்மாயில் குடையோடு ஏறினார். “அக்கரையில நிக்க வெச்சே என்னெ ஊறுகா போட்டுட்டீங்களே!” என்றவர், எங்கள் பெட்டியில் தங்கராசு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நனைந்த குடையோடு அவரைக் கட்டிக்கொண்டார்.

அன்று முதல் மார்ச் வரை ஒரு நாளும் தங்கராசு தவறவில்லை. இந்தி எதிர்ப்பில் ஊர் கொந்தளித்த ஜனவரி, பிப்ரவரியில் வண்டி ஓடாத ஏழு நாள் போக, ஓடிய நாள் எல்லாம் பாடம் நடந்தது. முதல் ஜூனிலிருந்து எண்ணினால் மொத்தம் நூற்று நாற்பத்தெட்டுப் பாடம். பிப்ரவரி 18 அன்று புதுச்சத்திரம் தாண்டி ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பு வந்தது. யாரும் கேட்காமலே தங்கராசு சொன்னார்:

“கேஸ் கூப்புடறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிற கட்சிக்காரங்க மாதிரி நிக்குது.”

டீச்சர் நோட்டை மூடினார். “‘மாதிரி’ய எடுத்துட்டுச் சொல்லுங்க.”

தங்கராசு என்னைப் பார்த்தார். “சார், இத ரெக்கார்டுல ஏத்த வேணாம்.” பிறகு மெதுவாக: “சவுக்கெல்லாம் கட்சிக்காரங்க. காத்துதான் டவாலி, பேரு கூப்புடுது.”

“மச்சான், இனிமே என் கடைக்கு வராத. என் யாவாரத்தப் புடுங்கிடுவ” என்றார் இஸ்மாயில்.

அந்த வரியை நான் ரெக்கார்டில் ஏற்றினேன். அவருக்குத் தெரியாது.

தேர்வு மார்ச் 17, புதன்கிழமை, சிதம்பரத்தில். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தேர்வுக்கூட வாசலில் நின்றேன். பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நடுவே நரைத்த கிராப்போடு தங்கராசு வெளியே வந்தார். டீச்சரும் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“பத்தி எதப் பத்தி?” என்றார் டீச்சர்.

“ஒரு தோணிக்காரரு. பாலம் கட்டுனதுக்கப்பறமும் தோணிய விக்காம வெச்சிருக்காரு. அதச் சுருக்கணும். அம்பத்தெட்டு வார்த்தையில முடிச்சேன். அவரு அக்கரை சேந்துட்டாரு டீச்சர்.”

டீச்சர் சிரித்தார். தங்கராசு சிரிக்கவில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லத் தயங்கினார்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு. சுருக்கி எழுதி முடிச்சதும் கை தானா கீழ எறங்கி ‘உண்மை நகல்’னு எழுதிடுச்சு. பதினாறு வருசப் பழக்கம். அடிச்சாத் தாளு அசிங்கமாயிடும். அடிக்காம வுட்டா பொய்யாயிடும். என்ன பண்றதுன்னு யோசிச்சேன்.”

“என்ன பண்ணீங்க?”

“பக்கத்துல ‘அல்ல’ன்னு எழுதிட்டேன்.”

டீச்சர் அந்தத் தெருவிலேயே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் அன்று இரண்டு பேருக்கும் உள்ளூரப் பயம் இருந்தது எனக்குத் தெரியும். விடைத்தாளில் வேண்டாததை எழுதினால் அடையாளக் குறி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம்.

ஒரு பாடம் மட்டும் எழுதும் தனித்தேர்வருக்குத் தபால்தான் கதி. மே முடிந்தது. ஜூன் 1, 2, 3, 4, 5, 7, 8. காலைத் தபாலில் ஒன்றுமில்லை, மாலைத் தபாலில் ஒன்றுமில்லை என்று என் ஏட்டில் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். தங்கராசு பதிவறைப் பக்கம் வரவே மாட்டார். தபால்காரர் போன பிறகு தாழ்வாரத்தில் அவர் இருமல் சத்தம் கேட்கும். நான் வெளியே வந்து தலையை ஆட்டுவேன். அவர் திரும்பிப் போய் எழுத உட்கார்ந்துவிடுவார். அந்த ஏழு நாளிலும் அவர் எழுதிய பக்கங்கள் ஒரு நாள்கூட இருபத்திரண்டுக்குக் குறையவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடமிருக்காது. 1968-இல் நகல் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. புதிதாக வருகிறவர்களிடம் அவர் உடனே பேனாவைக் கொடுப்பதில்லை. கட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். மூடி வைக்கச் சொல்வார். “என்ன சொல்றான் இவன்? உன் வார்த்தையில சொல்லு” என்பார். சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். அப்போது ஒரு புள்ளி மாறக்கூடாது. விளங்கி எழுதுகிறவன் கண் தவறாது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். அவர் பொறுப்பில் இருந்த வருடங்களில் பிழை என்று திரும்பி வரும் நகல்களுக்கென்று நான் வைத்த புதுக் கட்டு, என் அலமாரியில் கயிறு அவிழ்க்காமலே கிடந்தது. நான் எத்தனையோ பேருடைய காகிதங்களைக் காப்பாற்றி வைத்தவன். அவற்றில் எனக்குப் பெருமை தருவது ஒரு காலிக் கட்டு.

ஒன்பதாவது தபால் காலையில் வந்தது. உறையை நான் பிரிக்கவில்லை. வரவு முத்திரை குத்தி, எண் போட்டு, வேலை நேரத்தில் முதல் தடவையாகப் பதிவறையைப் பூட்டிவிட்டு, நானே நகல் அறைக்கு எடுத்துப் போனேன். தங்கராசு ஒரு தீர்ப்பின் நடுவில் இருந்தார். அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் பேனாவை வைத்தார். உறையைப் பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். தாளை என்னிடம் கொடுக்கவில்லை.

“என்ன போட்டிருக்கு?” என்றேன்.

பதினாறு வருடமாக யார் எதைக் கேட்டாலும் தாளைப் பார்த்து உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டும் மனிதர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பெரியவருக்குக் கதவத் தெறந்து வுட்டாச்சு சார்.”

எண்ணை நான் பிறகுதான் பார்த்தேன். அறுபத்து மூன்று. அன்று பகல் மூன்று மணிக்குத் தாள் அலுவலகத்தில் சேர்ந்தது. கெடுவுக்கு மூன்று நாள் மிச்சம். மறுநாள் காலை வண்டியில் இஸ்மாயில் டீச்சருக்குப் பெரிய சலாம் போட்டார். புதுச்சத்திரத்துக் கைகாட்டியும் இறங்கியது. என் ஏட்டில் அந்தப் பக்கத்தின் கடைசி வரி, ஒன்பதாவது வரி:

1965 ஜூன் 9, புதன்கிழமை.